நாள்பட்ட மூச்சிரைப்புள்ள குதிரை: இன்று வேலை கொடுக்கலாமா?

குதிரை டிராட்டில் (நடையைவிட வேகமான மெல்லோட்டத்தில்) இருமுகிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறது, வேலை முடிந்தும் மூச்சு அடங்கவில்லை. இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் லாயத்தில் இரண்டு விதமான யோசனை வரும். ஒருவர் "வெளியே எடுக்காதே, ஓய்வு கொடு" என்பார். இன்னொருவர் "நன்றாக ஓடவிடு, சளி கரைந்து வந்துவிடும்" என்பார். இரண்டுமே சில நாட்களில் சரி, சில நாட்களில் பெரிய தப்பு. இன்று எது சரி என்பது குதிரை சும்மா நிற்கும்போது விடுகிற மூச்சில் தெரியும். சேணத்தை எடுப்பதற்கு முன் அந்த மூச்சைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இங்கே நான் பேசுவது குதிரை ஆஸ்துமா பற்றி. பழைய ஆட்கள் இதை 'ஹீவ்ஸ்' என்பார்கள். மனிதர்களுக்கு வரும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்ற பெயரையே குதிரைக்கும் வைத்திருந்த காலம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் கைவிடப்பட்டது. 2016-ல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட கருத்தறிக்கைக்குப் பிறகு 'குதிரை ஆஸ்துமா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதில் லேசானது எந்த வயதிலும் வரும், இளம் பந்தயக் குதிரைகளுக்குக்கூட. கடுமையானது பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேல்தான். குளிர்நாடுகளில் இது அதிகம். பனிக்காலம் முழுக்கக் குதிரை கொட்டகைக்குள் நின்று, சேமித்து வைத்த காய்ந்த புல்லைத் தின்பதுதான் காரணம். அந்தப் புல்லின் தூசியிலும் பூஞ்சையிலும் இருக்கும் துகள்கள் நுரையீரலின் சிறு குழாய்களைச் சீண்டுகின்றன. குழாய்ச் சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே கெட்டியான சளி அடைக்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ரூபி. கனடாவில், ஒன்டாரியோவில், நான் கவனித்துக்கொண்ட பதினாலு வயது செம்பழுப்புப் பெண் குதிரை. நான் கற்றதில் பாதி அவளிடம் செய்த தவறுகளால் கற்றது.

எதற்கும் முன்னால்: ஓய்வில் எண்ணுங்கள்

குதிரை சாப்பிட்டு முடித்து அமைதியாக நிற்கும் நேரம் பாருங்கள். பக்கவாட்டில், கொஞ்சம் பின்பக்கமாக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள குழியைக் கவனியுங்கள். முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நல்ல குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரும். எண்ணுவதே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் வயிறு அசைவதே தெரியாது. உங்கள் குதிரையின் மூச்சை மூன்றடி தள்ளி நின்றே சுலபமாக எண்ண முடிகிறது என்றால், எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் அது ஒரு தகவல்.

அடுத்து, மூச்சு வெளியே போகும் விதம். ரூபி மோசமாக இருந்த நாட்களில் அவள் மூச்சை இரண்டு தவணையாக வெளியே தள்ளுவாள். முதலில் நெஞ்சு இறங்கும். ஒரு கணம் நிற்கும். அப்புறம் வயிற்றுத் தசை இறுகி, மிச்சக் காற்றை எக்கித் தள்ளும். கை வைத்தால் உள்ளங்கையில் அந்த இரண்டாவது தள்ளல் தனியாகத் தட்டுப்படும். வாலுக்குக் கீழே ஆசனவாயும் மூச்சோடு சேர்ந்து உள்ளே வெளியே போகும். மாதக்கணக்கில் இப்படி எக்கும் குதிரைக்கு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டிச் சாய்வாக ஒரு பள்ளக்கோடு விழுந்துவிடும். அந்தக் கோடு நோய் அல்ல, அதிகம் உழைத்துப் பருத்த தசையின் ஓரம். மெலிந்த குதிரையில் அதை விலா எலும்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். நானும் போயிருக்கிறேன்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எண்ணிக் குறித்து வையுங்கள். மற்றவர்களின் குதிரையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வழக்கமாகப் பன்னிரண்டு இருக்கும் குதிரைக்கு இன்று இருபது என்றால், இன்று ஏறக் கூடாது.

அறிகுறி: டிராட் தொடங்கியதும் நாலைந்து இருமல், அப்புறம் சரியாகிவிடுகிறது

இதைத்தான் 'தொண்டையைச் செருமிக்கொள்கிறது' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. நுரையீரலில் எரிச்சலே இல்லாத குதிரை இருமுவது குறைவு. தினமும் இருமுகிறது என்றால் கீழே சளி தேங்குகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் அது ஏன் சரியாகிறது? உடம்பு சூடேறும்போது அட்ரினலின் சுரந்து மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. காற்று வேகமாகப் போய்வருவதால் சளி மேலே நகர்கிறது. உடற்பயிற்சி மருந்தாக வேலை செய்வது இங்கேதான். ஓய்வில் மூச்சு வழக்கம்போல இருந்து, காய்ச்சல் இல்லாமல், இருமலும் ஆரம்பத்தில் மட்டும்தான் என்றால் வேலையை நிறுத்த வேண்டாம். முன்தயாரிப்பை மட்டும் நீட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நடை, கடிவாளத்தைத் தளர்த்தி, தலை கீழே தொங்கும்படி. இருமல் வந்தால் நின்று, கழுத்தை நீட்டி இருமி முடிக்க விடுங்கள். கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தலையை உயர்த்தி வைத்தால் சளி வெளியே வர வழியே இல்லாமல் போகும். அதற்கப்புறம் மெல்லிய டிராட்.

ஆனால் வேலை எங்கே நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஓய்வில் ஒரு குதிரை ஒரு மூச்சுக்கு ஐந்து லிட்டர் போல இழுக்கும், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர். முழு வேகக் கேலப்பில் அது 1,500 லிட்டரைத் தாண்டும். தூசி பறக்கிற பயிற்சிக் களத்தில் ஓடவிட்டால் அத்தனை காற்றோடு அத்தனை தூசியும் ஆழமாக உள்ளே போகும். களத்துக்குத் தண்ணீர் தெளிக்க முடியாத நாளில் வெளியே பாதையில் நடத்திக் கூட்டிப்போவது மேல்.

அறிகுறி: இருமல் இல்லை, ஓய்வில் மூச்சும் சரி, ஆனால் கேன்டரில் (டிராட்டைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டத்தில்) பின்தங்குகிறது

லேசான ஆஸ்துமா பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும். சோம்பேறிக் குதிரை என்ற பட்டம் கட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்.

குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு மட்டும்தான். கேன்டரிலும் கேலப்பிலும் அதன் மூச்சு காலோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 120 பாய்ச்சல் என்றால் 120 மூச்சு, அதாவது உள்ளே இழுத்து வெளியே விட மொத்தம் அரை நொடி. நடையிலும் டிராட்டிலும் குதிரை தன் வசதிக்கு மூச்சைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கேன்டரில் அந்தச் சுதந்திரம் கிடையாது. சுருங்கிய குழாய் வழியாகக் காற்று வெளியேறவே நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் அடுத்த பாய்ச்சல் காத்திருக்காது. டிராட்டில் அரை மணி நேரம் சிரமமில்லாமல் போகும் குதிரை இரண்டு நிமிடக் கேன்டரில் தளர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், தசைக்குப் போதாது, குதிரை தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதைச் சாட்டையால் தள்ளுவது கொடுமை.

இந்தக் கட்டத்தில் யூகம் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் மூச்சுக்குழாய்க் கழுவல் பரிசோதனை கேளுங்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலுக்குள் உப்புநீர் செலுத்தித் திரும்ப உறிஞ்சி, அதில் உள்ள செல்களை எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 10 சதவீதத்துக்கு மேல் போனால் லேசான ஆஸ்துமாவாக இருக்கலாம், 20–25 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையானது என்பது பொதுவான கணக்கு. கால் நொண்டல், முதுகுவலி, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இதே மாதிரி வேகத்தைக் குறைக்கும். அதனால் நுரையீரலோடு அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: வேலை முடிந்து வெகுநேரம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை

இங்கே நிறைய பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் வெப்பமும் இதையே செய்யும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

மூச்சையும் நாடித்துடிப்பையும் இரண்டையும் எண்ணுங்கள். நாடியைத் தாடை எலும்பின் கீழ் ஓடும் தமனியில் பிடிக்கலாம். ஓய்வில் 28 முதல் 44. மிதமான வேலைக்குப் பிறகு, பயிற்சி பெற்ற குதிரைக்குக் கால் மணி நேரத்தில் அது நன்றாக இறங்கிவிட வேண்டும். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் 64-க்கு இறங்கினால்தான் மேலே போக விடுவார்கள்.

புழுக்கமான நாளில் நாடி இறங்கிவிட்டது, மூச்சு மட்டும் வேகமாக, மேலோட்டமாக, வயிறு எக்காமல் ஓடுகிறது என்றால் குதிரை பெரும்பாலும் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்க வேண்டும். உடம்பு கொதிக்கிறது, ஆனால் வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கிடக்கிறது என்றால் அது வியர்வை நின்றுபோகும் நோய். இங்கிலாந்திலிருந்து இந்தியா மாதிரி வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்த குதிரைகளிடம் பிரிட்டிஷ் காலத்திலேயே கவனித்து எழுதிய விஷயம் இது. சென்னை மாதிரி ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் ஆஸ்துமா என்று முடிவுகட்டும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு குளிர்ந்துவிட்டது, வியர்வை சரி, ஆனால் வயிறு இரண்டு தவணையாக எக்கிக்கொண்டே இருக்கிறது, மூக்குத் துவாரம் விரிந்தே இருக்கிறது என்றால் அது நுரையீரல். அன்று கொடுத்த வேலை அதிகம். அடுத்த நாள் ஏறாமல் காலை எண்ணிக்கையைப் பாருங்கள். அது பழைய நிலைக்கு வரும்வரை கையில் பிடித்து நடத்துவது மட்டும்.

அறிகுறி: சும்மா நிற்கும்போதே வயிறு எக்குகிறது

வேலை கிடையாது. நடைகூட வேண்டாம். "கொஞ்சம் நடத்தினால் திறந்துகொள்ளும்" என்ற பேச்சை இந்த நிலையில் கேட்காதீர்கள். மூச்சு விடுவதே அதற்கு இப்போது உடற்பயிற்சி. கடுமையான நிலையில் ஓய்விலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும், இதயத்தின் வலது பக்கம் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும்.

குதிரையைக் கொட்டகையிலிருந்து நல்ல காற்றுள்ள இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவாருங்கள். முன்னால் இருக்கும் காய்ந்த புல்லை எடுத்துவிடுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால், கழுத்தை நீட்டி நின்றால், தீனியைத் தொடாவிட்டால் அவசரம் என்றே சொல்லுங்கள். அவர் போடும் ஊசிகளில் ஒன்று குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், ஆனால் அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொன்று ஸ்டெராய்டு, பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், அது வீக்கத்தைக் குறைக்கச் சில மணி நேரம் எடுக்கும். முதல் ஊசிக்குப் பின் குதிரை தெளிந்து தலையாட்டும்போது நோய் போய்விட்டது மாதிரி இருக்கும். போகவில்லை.

அறிகுறி: மருந்தில் நன்றாக இருக்கிறது, வேலைக்குத் திரும்பியதும் பழையபடி

ரூபியோடு இரண்டு குளிர்காலம் நான் மாட்டிக்கொண்டது இதில்தான். ஸ்டெராய்டு கொடுத்தால் பத்து நாளில் மூச்சு பன்னிரண்டுக்கு வரும். நான் மகிழ்ந்துபோய் ஏறுவேன். மருந்து முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி இருபத்து நாலு. வேலைதான் கெடுக்கிறது என்று முடிவு செய்து நிறுத்தினேன். வேலை நின்ற பிறகும் அவள் மோசமானாள்.

ஜனவரியில் ஒரு காலை, கொட்டகைக் கதவைத் திறந்ததும் வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. அவளுடைய புல்லை ஒரு அடுக்கு பிரித்து உதறினேன். வெளிச்சத்தில் தூசி எழுந்து நின்றது. நான் தண்ணீர் வாளியை நிரப்பிவிட்டுத் திரும்பி வரும்போதும் அது கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. ரூபி மூக்கைப் புல்லுக்குள் கண்வரை புதைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் நின்ற இடத்தில் இருந்த காற்று வேறு, அவள் மூக்கு இருந்த இடத்தின் காற்று வேறு. நாள் முழுக்க அவள் சுவாசித்தது அந்தப் புல்லுக்குள் இருக்கும் காற்றைத்தான். நான் ஏறியது ஒரு மணி நேரம்.

அதனால் வேலைத் திட்டத்தை மாற்றும் முன் தீனியை மாற்றுங்கள். காய்ந்த புல்லை முழுவதும் தண்ணீரில் முக்கி, பத்து முதல் முப்பது நிமிடம் ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே தின்னக் கொடுங்கள். மேலாகத் தெளிப்பது போதாது. வெயில் காலத்தில் இரவு முழுக்க ஊறவைத்தால் பாக்டீரியா பெருகும், சத்தும் கரைந்து போகும். நீராவிப் பெட்டி நல்லது, ஆனால் புல் முழுவதும் கொதிநிலைச் சூட்டை எட்ட வேண்டும். அரைகுறையாகச் சூடான புல்லில் கிருமி கூடத்தான் செய்யும். உருண்டைத் தீவனமும், காற்றுப் புகாமல் சுற்றி வைத்த ஈரப்புல்லும் தூசி குறைந்தவை. படுக்கைக்கு வைக்கோலுக்குப் பதில் தூசி நீக்கிய மரச்சீவல். தமிழ்நாட்டில் மழையில் நனைந்து காய்ந்த நெல் வைக்கோல் போடுகிறவர்கள் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் அது குதிரை அருகில் இருக்கவே கூடாது.

பக்கத்துக் குதிரையின் புல்லும் கணக்கில் உண்டு. ரூபிக்கு மட்டும் ஊறவைத்துக் கொடுத்து, அடுத்த தடுப்பில் காய்ந்த புல்லை உதறிக்கொண்டிருந்தோம். மேல்தளத்தில் புல் சேமிப்பு வேறு. பெருக்குவதும் புல் பிரிப்பதும் குதிரைகள் வெளியே போன பிறகு நடக்க வேண்டும். கடுமையான ஆஸ்துமா உள்ள குதிரைக்குச் சில மணி நேரத் தூசியே நியூட்ரோஃபில்களை நுரையீரலுக்கு மறுபடி அழைத்து வரப் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆள் மாறி, ஒரு வேளை காய்ந்த புல் போட்டால் செவ்வாய்க்கிழமை நீங்கள் அதைச் சவாரியில் பார்ப்பீர்கள்.

மருந்தைப் பற்றி மூன்று விஷயம் மட்டும். வாய்வழி ஸ்டெராய்டு என்றால் பிரட்னிசோலோன் கேளுங்கள். பெயரில் நெருக்கமான பிரட்னிசோன் மாத்திரை குதிரை உடம்பில் சரியாக வேலை செய்யாது. குழாயை விரிக்கும் கிளென்பியூட்டரால் மட்டும் கொடுத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். தூசியும் வீக்கமும் அப்படியே இருக்க, இரண்டு மூன்று வாரத்தில் அதன் பலன் மங்கிவிடும். அதற்குள் விரிந்த குழாய் வழியே தூசி இன்னும் ஆழமாகப் போயிருக்கும். ஸ்டெராய்டு எடுக்கும் குதிரையின் குளம்புச் சூட்டைத் தினமும் தொட்டுப் பாருங்கள். குண்டான குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும் ஆபத்து கூடுதல். போட்டிக்குப் போகிறவர்கள் இந்த மருந்துகள் எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது நான் இப்போது செய்வது இது. ஓய்வு மூச்சு ஒரு வாரம் தொடர்ந்து வழக்கமான எண்ணிக்கையில் நின்றால், தினமும் இருபது நிமிடம் நடை. அடுத்த வாரம் நடைக்குள் இரண்டு மூன்று நிமிட டிராட் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு இறங்கும்வரை நடை. கேன்டரை நாலாவது வாரம்வரை தொடுவதில்லை, காரணம் மேலே சொன்ன அரை நொடிக் கணக்குதான். எந்த நாளிலும் காலை எண்ணிக்கை ஏறியிருந்தால் அந்த நாள் நடையோடு சரி. கடுங்குளிரில் வேகவேலை வேண்டாம். உறைந்த காற்றை நிறைய இழுப்பதே குழாய்களை எரிச்சலாக்கும்.

வாரத்துக்கு ஒருநாள் அடித்து ஓட்டிவிட்டு ஆறு நாள் நிறுத்தி வைப்பதைவிடத் தினமும் கொஞ்சம் என்பது இந்தக் குதிரைகளுக்கு ஒத்துவருகிறது. எடை ஏறாது, தசை கரையாது, சளி தேங்காது, அதோடு அந்த நேரமாவது அது கொட்டகைக்கு வெளியே நிற்கும்.

அறிகுறி: வெளியே மேயவிட்டால்தான் மோசமாகிறது

மேலே சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகும். அமெரிக்காவின் தென்கிழக்கில், லூசியானா, மிசிசிப்பி, ஃபுளோரிடா பக்கம், வெப்பமும் ஈரப்பதமும் கூடிய கோடையில் புல்வெளியில் நிற்கும் குதிரைகளுக்கே கடுமையான ஆஸ்துமா வரும். புல்வெளியின் பூஞ்சையும் மகரந்தமும்தான் அங்கே சந்தேகத்துக்குரியவை. அந்தக் குதிரையைப் புல்வெளியிலிருந்து எடுத்து, தூசி இல்லாத, காற்றோட்டமான கொட்டகையில் நிறுத்த வேண்டும். வேலையை விடியற்காலைக் குளுமைக்கு மாற்ற வேண்டும். எந்த மாதத்தில் மோசமாகிறது என்று ஒரு வருடம் குறித்து வைத்தால் உங்கள் குதிரை எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஆஸ்துமா இல்லாதவை

மூச்சை உள்ளே இழுக்கும்போது, வேகம் கூடக் கூட உறுமல் மாதிரி சத்தம் வந்தால் கோளாறு குரல்வளையில் இருக்கலாம். பெரும்பாலும் இடது பக்க நரம்பு செயலிழப்பதால் வருவது. ஆஸ்துமாவின் கஷ்டம் முக்கியமாக மூச்சை வெளியே விடுவதில் இருக்கும்.

வேகமான ஓட்டத்துக்குப் பின் மூக்கில் ரத்தம் வந்தால் அன்று வேலை முடிந்தது. கேலப்பின் அழுத்தத்தில் நுரையீரலின் நுண்குழாய்கள் கிழிவதால் வருவது அது. எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் மறுபடி வேகவேலை கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் 38.5-ஐத் தாண்டினால், அல்லது இருமலோடு கெட்டியான மஞ்சள் சளியும் தாடைக்கீழ் வீக்கமும் இருந்தால், தொற்று. ஆஸ்துமாவில் பொதுவாகக் காய்ச்சல் வராது. குதிரையைத் தனியாகக் கட்டி, அதன் வாளியையும் கடிவாளத்தையும் வேறு குதிரைக்குப் பயன்படுத்தாமல், மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் மூக்கில் புண்ணும் ஒட்டும் சளியும் கண்டால் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். அது கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் பரவும், அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஃப்ளூ மாதிரி தொற்று ஆறிய குதிரைக்கும் உடனே வேலை கிடையாது. காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது பழைய கணக்கு, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஓட்டிய குதிரைகளுக்கு இருமல் மாதக்கணக்கில் நீடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரூபிக்கு இப்போது பதினேழு வயது. அவளுடைய தடுப்பின் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. இன்று காலை எண்ணிக்கை பதினொன்று, இருமல் இல்லை, முப்பது நிமிடம் பாதையில் நடையும் டிராட்டும்.